டெம்பர் ஒட்டுவதற்கு முன்: மொபைல் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர் ஓ.டி., திருமுல்லைவாயல், ஆவடி மார்க்கெட், பட்டாபிராம், கரையான்சாவடி, பூந்தமல்லி டிரங்க் ரோடு ஆகிய இடங்களில் மொபைல் கடை வைத்திருக்கும் அண்ணன்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கும்:

பெரிய ஷோரூம்களுக்கு இதை எழுதவில்லை. அங்கே பில் போட்ட கையோடு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ரீசார்ஜ், புது சிம், பழைய போன், டிஸ்ப்ளே மாற்றுவது, நடுவில் ஆதார் ஜெராக்ஸ் என எல்லாவற்றையும் ஆறடி கவுண்டருக்குள் நடத்துகிற உங்களுக்குத்தான் இந்த மடல். எங்கள் தெருவில் யாருடைய போன் மக்கர் பண்ணினாலும் முதலில் என்னிடம் கொண்டுவருவார்கள். எனக்குப் பிடிபடாததை உங்களிடம் அனுப்பிவைப்பேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒரு போனில் கால் எடுக்கிற செயலி எது, மெசேஜ் படிக்கிற செயலி எது, எந்தக் கீபோர்டு, போட்டோவைத் தொட்டால் எது திறக்கும் என்பதையெல்லாம் கலிஃபோர்னியாவிலும் ஷென்செனிலும் இருப்பவர்கள் முடிவு செய்து அனுப்புகிறார்கள். வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் செட்டிங்ஸுக்குள் ஒருநாளும் போகப்போவதில்லை. அந்த முடிவுகளை யாராவது கை வைத்து மாற்ற வாய்ப்பிருக்கிறது என்றால், பெட்டியைப் பிரித்துப் போன் உங்கள் கவுண்டரில் கிடக்கும் அந்த அரை மணி நேரத்தில்தான். அப்போது பெரும்பாலும் என்ன நடக்கிறது? 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், அலோ, அலோ' என்று உங்கள் கட்டைவிரல் ஓடுகிறது. வாங்கியவர் பேக் கவரின் நிறத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம் நீங்கள் கேட்கும் ஒரே கேள்வி அதுதான்.

2025 ஆகஸ்டில் நடந்தது நினைவிருக்கும். கூகுளின் 'போன்' செயலி ராத்திரியோடு ராத்திரியாக முகம் மாறியது. ஃபேவரிட்ஸும் ரீசன்ட்ஸும் ஒன்றாகி 'ஹோம்' ஆயின. காண்டாக்ட்ஸ் ஓரத்து மெனுவுக்குள் போய் ஒளிந்துகொண்டது. மேலே தள்ளிக் கால் எடுத்துப் பழகிய விரலைப் பக்கவாட்டில் தள்ளச் சொன்னது. 'நான் எந்த அப்டேட்டும் போடவில்லையே' என்றார்கள் எல்லோரும். உண்மைதான், யாரும் எதையும் போட வேண்டியிருக்கவில்லை. கூகுள் தன் சர்வரிலிருந்தே சுவிட்சைத் தட்டிவிட்டது. 'மெட்டீரியல் 3 எக்ஸ்பிரசிவ்' என்று அந்தப் புதுக் கோலத்துக்குப் பெயர். போனை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பயந்தவர்கள் உண்டு. நம் ஊரில் விற்கும் ஷாவ்மி, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களின் பல மாடல்களில் கால் செயலி கூகுளுடையதுதான். எனவே பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் குழப்பம் ஒரே நாளில் வந்து இறங்கியது.

அதற்குத் தீர்வு கையிலேயே இருந்தது. கால் செயலியின் செட்டிங்ஸில், வரும் காலை எடுக்கும் முறையைத் தள்ளுவதிலிருந்து ஒரே தட்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆப் இன்ஃபோவுக்குப் போய் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' கொடுத்துப் பழைய முகத்தை வரவழைத்தவர்களும் உண்டு. உங்களில் சிலர் அதைத்தான் செய்து கொடுத்தீர்கள், காசு கூட வாங்கவில்லை. வேறு சிலர் பிளே ஸ்டோரில் 'டயலர்' என்று தேடி முதலில் வந்து நின்றதை இறக்கிக் கொடுத்தார்கள். அங்கே முதலில் நிற்பது பல நேரம் விளம்பரம். அந்தச் செயலி காண்டாக்ட்ஸ், கால் லாக், எஸ்.எம்.எஸ்., லொகேஷன் எல்லாவற்றுக்கும் அனுமதி கேட்டு வாங்கிக்கொண்டது. ஒவ்வொரு கால் முடிந்ததும் திரை முழுக்க ஒரு ரம்மி விளம்பரம். காலை வைக்கப் போய் விளம்பரத்தைத் தொட்டு, அது இன்னொரு செயலியை இறக்கி, கடைசியில் 'போன் சூடாகுது' என்று திரும்ப உங்களிடமே வந்தார்கள். சொன்னபடி கேட்காத டயலரே இதற்குத் தேவலை.

கம்பெனி கொடுத்தது மோசம், வெளியிலிருந்து போட்டுக்கொள்வது உத்தமம் என்று ஒரு நம்பிக்கை உங்கள் கவுண்டரில் உலாவுகிறது. அது பாதி உண்மை. வெளிச் செயலி நாம் குடியிருக்கும் வாடகை வீடு மாதிரி. வீட்டுக்காரர் நல்லவராக இருக்கலாம், ஆனால் வீட்டை விற்கும்போது குடியிருப்பவரைக் கேட்க மாட்டார். குவிக்பிக் என்ற கேலரி செயலியை நினைவிருக்கிறதா? சின்னது, வேகமானது, போன் வாங்கியவுடன் போட வேண்டியது என்று பத்து வருடத்துக்கு முன் எல்லோரும் சிபாரிசு செய்தார்கள். 2015இல் அது சீட்டா மொபைல் என்ற சீன நிறுவனத்தின் கைக்குப் போனது, பழைய ரசிகர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். கேம்ஸ்கேனரின் ஆண்ட்ராய்டு பதிப்புக்குள் இருந்த விளம்பர நிரலில் தீங்கு செய்யும் கூறு ஒளிந்திருப்பதை 2019 ஆகஸ்டில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். ஒரு கோடி முறைக்கு மேல் இறக்கப்பட்டிருந்த ஒரு பார்கோடு ஸ்கேனர், பல வருடம் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, 2020 டிசம்பரில் வந்த ஒரு அப்டேட்டோடு விளம்பரம் கக்கும் பேயாக மாறியது. போனில் வைத்திருந்தவர்களுக்கு எப்போது மாறியது என்றே தெரியாது. ஐகான் அதே ஐகான்.

நல்ல செயலி விலைபோனதற்கு எனக்கு மிகவும் வருத்தம் தந்த உதாரணம் 'சிம்பிள் மொபைல் டூல்ஸ்'. ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஒரு நிரலர் தொடங்கிய தொகுப்பு அது. கேலரி, டயலர், மெசேஜ், காலண்டர், ஃபைல் மேனேஜர் எல்லாம் விளம்பரம் இல்லாமல், இணைய அனுமதியே கேட்காமல் வேலை செய்தன. 2023 கடைசியில் ஜிப்போஆப்ஸ் என்ற நிறுவனத்துக்கு அது விற்கப்பட்டது. அதன் மூலநிரல் திறந்ததாக இருந்ததால் மட்டும் கதை அங்கே முடியவில்லை. கூடவே உழைத்தவர்கள் பழைய நிரலை எடுத்து 'ஃபாசிஃபை' என்ற பெயரில் தொடர்ந்து நடத்துகிறார்கள். யாராவது வந்து எளிமையான டயலர் வேண்டும், பெரிய எழுத்தில் வேண்டும், விளம்பரம் வேண்டாம் என்றால் தயங்காமல் அதைப் போட்டுக் கொடுங்கள். உங்களுக்கு அதில் ஒரு பைசா கமிஷன் வராது. அதனால்தான் சொல்கிறேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டின் தொல்லை வேறு வகை. லேத் பட்டறை, பிரஸ் ஷாப், பவுடர் கோட்டிங் என்று ஜாப் ஒர்க் எடுப்பவர்களுக்குப் போன்தான் ஆர்டர் புக். பார்ட்டி பைக்கில் போய்க்கொண்டே அளவு சொல்வார்: 'ஹோல் பன்னெண்டு, டெப்த் இருபத்தஞ்சு, நாளைக்குள்ள அம்பது பீஸ்.' அடுத்த நாள் பன்னெண்டா பத்தா என்று சண்டை வரும். அதனால் எஸ்டேட்காரர்களுக்குக் கால் ரெக்கார்டிங் இல்லாத போன் போனே இல்லை. கூகுள் டயலர் பதிவைத் தொடங்கும்போது, 'இந்தக் கால் பதிவாகிறது' என்று இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி அறிவிக்கிறது. பார்ட்டி 'என்னய்யா, என் மேல நம்பிக்கை இல்லையா' என்று வைத்துவிடுகிறார். வேறு செயலி போடலாம் என்றால், 2022 மே 11 முதல் அந்த வழியையும் பிளே ஸ்டோர் விதி அடைத்துவிட்டது. வெளிச் செயலிகள் அக்சஸிபிலிட்டி வசதி வழியாகக் கால் பதிவு செய்வதை கூகுள் தடை செய்தது, ட்ரூகாலரும் அந்த வசதியை அப்போது நிறுத்தியது. ஓப்போ, ரியல்மி, ஒன்பிளஸ் வகைப் போன்களுக்குப் பிறகு, அறிவிக்காமலே பதிவு செய்கிற 'ஓடயலர்' என்று ஒன்று வந்தது, உங்களுக்கே தெரியும்.

எதிராளிக்குத் தெரியாமல் பதிவு செய்வது சரியா என்று என்னைக் கேட்டால், அந்த அறிவிப்பு நியாயம் என்றே சொல்வேன். அளவை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்வது அதைவிட நல்ல வழி. ஆனால் என் கட்சி இங்கே முக்கியமில்லை. பதினெட்டாயிரம் கொடுத்து வாங்குகிறவருக்கு, இந்த மாடலில் கால் பதிவு எப்படி நடக்கும் என்பது பில் போடுவதற்கு முன்பே தெரிய வேண்டும். கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று மூச்சு விடாமல் சொல்கிற நீங்கள், டயலர் யாருடையது என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை.

இனி, எனக்கு மிகவும் எரிச்சல் தரும் விஷயம். பிளே ஸ்டோர் திறக்க ஜிமெயில் வேண்டும். வாங்க வந்த அம்மாவுக்கு ஜிமெயில் இல்லை, அல்லது பழையது இருக்கிறது, பாஸ்வேர்டு தெரியாது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவர் பேரோடு நாலு எண் சேர்த்துப் புதிதாக ஒன்று உருவாக்குகிறீர்கள். பாஸ்வேர்டு உங்கள் கடைப் பெயர், பின்னால் ஒன்று இரண்டு மூன்று. மீட்பு எண்ணாகச் சில நேரம் உங்கள் நம்பரே. அதை எழுதியும் கொடுப்பதில்லை. அந்த அம்மாவுக்குத் தனக்கு ஒரு ஜிமெயில் இருப்பதே தெரியாது. இனி அவர் சேமிக்கும் ஒவ்வொரு எண்ணும் சிம்மில் அல்ல, அந்தக் கணக்கில் போய் உட்காருகிறது. கேலரியில் இருக்கும் பேரன் போட்டோவும், பேக்கப் ஆன் செய்திருந்தால், அங்கேதான்.

இரண்டு வருடம் ஆகிறது. போன் ஹேங்க் ஆகிறது என்று வீட்டுப் பையன் ஃபேக்டரி ரீசெட் அடிக்கிறான். எழுந்திருக்கும் போன், 'முன்பு இருந்த கூகுள் கணக்கைப் போடு' என்று நிற்கிறது. திருட்டுப் போனை வேறொருவர் பயன்படுத்த முடியாதபடி 2015இல் ஆண்ட்ராய்டு 5.1இலிருந்து வந்த பூட்டு அது. நல்ல நோக்கம்தான். ஆனால் சொந்தப் போனுக்குள் போக முடியாமல் சொந்தக்காரரே வெளியே நிற்கிறார். எண்கள் போயின, போட்டோக்கள் போயின. அந்தப் பூட்டை உடைத்துக் கொடுக்க இன்னொரு கடையில் ஐந்நூறு, அறுநூறு வாங்குகிறார்கள். பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம் இது. டிஃபால்ட் செயலியைப் பற்றி எவ்வளவு பேசினாலும், அதன் அடியில் இருக்கும் கணக்கு யாருடையது என்ற கேள்விக்குப் பதில் இல்லையென்றால் பேசியது அத்தனையும் வீண்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு ரூ. 1,337.76 கோடி அபராதம் விதித்தது. முன்கூட்டியே நிறுவிய தன் செயலிகளைப் பயனாளர் நீக்குவதை கூகுள் தடுக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் ஒரு வாசகம். நமக்கு நேரடியாகப் பயன்படக்கூடிய வாசகம் அது. 2023 மார்ச் 29 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் அந்த வாசகத்தையும் சேர்த்து நான்கு கட்டளைகளை ரத்து செய்தது. ஆகவே இன்றும் பல செயலிகளை 'டிசேபிள்' மட்டுமே செய்ய முடிகிறது. ஐரோப்பாவில் 2024 மார்ச் முதல் எந்த பிரவுசர் வேண்டும் என்று போனே பட்டியல் காட்டிக் கேட்கிறது. ஆவடியில் அப்படிக் கேட்க நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

தன் செயலியைப் போனில் ஏற்றிவிடும் ஆசைக்கு அரசாங்கமும் விலக்கில்லை. தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பர் 28 அன்று, இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுப் போன்களிலும் 'சஞ்சார் சாத்தி' செயலி 90 நாளில் நிறுவப்பட்டிருக்க வேண்டும், அதை முடக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று கம்பெனிகளுக்கு எழுதியது. எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று கட்டாயத்தைத் திரும்பப் பெற்றது. வேடிக்கை என்னவென்றால் அது உருப்படியான செயலி. தொலைந்த போனை முடக்கலாம், நம் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம். வாங்குகிறவரிடம் இன்ன பயன் என்று சொல்லி, சரி என்றால் போட்டுக் கொடுங்கள். இரண்டு நிமிட வேலை.

வெளிச் செயலிகளைப் பழித்துக்கொண்டே போவதாக நினைக்க வேண்டாம். மூர் மார்க்கெட் நிலையத்திலிருந்து கிளம்பிய திருவள்ளூர் வண்டி எங்கே நிற்கிறது என்று கொரட்டூரிலும் அன்னனூரிலும் பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் எதில் பார்க்கிறார்கள்? ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியில் அல்ல, 'வேர் இஸ் மை டிரெயின்' செயலியில். பெங்களூரின் சிக்மாய்ட் லேப்ஸ் என்ற சிறிய நிறுவனம் செய்தது. இணையமும் ஜி.பி.எஸ்.ஸும் இல்லாவிட்டாலும் வண்டிக்குள் இருப்பவரின் போன் பிடிக்கும் டவரை வைத்து இடத்தைக் கணக்கிடும் என்பது அதன் சாமர்த்தியம். 2018 டிசம்பரில் கூகுள் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டது. வீட்டுக்காரர் மாறியும் கெட்டுப்போகாத வீடு என்று இதுவரை சொல்லலாம்.

தமிழ் கீபோர்டும் அப்படித்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005இல் வெளிவந்தது. பெரிய கம்பெனிகள் எட்டிப்பார்க்கும் முன்பே நம் கைபேசியில் தமிழ் ஓடியது வெளியாட்களால்தான். இன்று புதுப் போனிலேயே தமிழ் கீபோர்டு உள்ளே இருக்கிறது, ஆனால் ஆங்கிலம் மட்டும் ஆனில் இருக்கும். 'தமிழ்ல டைப் பண்ணுவீங்களா, பேசி டைப் பண்ணுவீங்களா' என்று நீங்கள் கேட்காததால், பூந்தமல்லியில் பூக்கடை வைத்திருப்பவர் தன் சொந்த மொழியை ஆங்கில எழுத்தில் தடவித் தடவி அடித்துக்கொண்டிருக்கிறார். தமிழ்99 பழகியவர் வந்தால், அந்த அமைப்பு உள்ள கீபோர்டைப் போட்டுக் கொடுங்கள். தமிழக அரசு 1999இல் ஏற்றுக்கொண்ட அமைப்பு அது, தேடி வருகிறவர் எண்ணிக்கை குறைவுதான், ஆனால் அவர் அதை விட்டு இறங்க மாட்டார்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வாட்ஸ்அப்பில் ஏ.பி.கே. ஃபைல் அனுப்பி 'இதைப் போட்டுக்கோங்க' என்று சொல்லாதீர்கள். படம் பார்க்கிற செயலி, கேமரா செயலி, எதுவாக இருந்தாலும். நீங்கள் அனுப்புவது நல்லதாகவே இருக்கட்டும். ஆனால் 'தெரியாத இடத்திலிருந்து நிறுவ அனுமதி' என்ற சுவிட்சை ஒருமுறை ஆன் செய்ய உங்களிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வருகிற ஏ.பி.கே.யையும் அதே பழக்கத்தில் திறக்கிறார்கள். 2022 ஜனவரியிலிருந்து நமக்கென்று ஆவடி காவல் ஆணையரகம் இருக்கிறது, பணம் போனால் கூப்பிட 1930 இருக்கிறது. அந்த எண்ணைக் கடைச் சுவரில் எழுதி வைத்தால் நல்லது. அதைவிட நல்லது, அந்த சுவிட்சை மூடி வைத்தே போனைக் கொடுப்பது.

இத்தனைக்கும் நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். நியாயம். உங்களுக்குப் புதுப் போனில் கிடைக்கும் மார்ஜின் என்ன என்று எனக்குத் தெரியும். ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைத்து விற்கிறார்கள். அதனால்தான் ரெஃபரல் காசுக்காக நாலு பேமென்ட் செயலியும் ரெண்டு லோன் செயலியும் சத்தமில்லாமல் உள்ளே ஏறுகின்றன. அந்த வழி வேண்டாம். டெம்பர் ஒட்ட நூறு ரூபாய் வாங்குகிறீர்கள், யாரும் மறுப்பதில்லை. போனைப் பழக்கத்துக்குத் தயார் செய்து கொடுக்கவும் நூற்றைம்பது என்று போர்டு எழுதி மாட்டுங்கள். இலவசமாகச் செய்வதால்தான் அது கட்டைவிரல் ஓட்டமாக முடிகிறது. காசு வாங்கினால் உட்கார வைத்துக் கேட்பீர்கள்: எந்த வரி தெளிவாகத் தெரிகிறது என்று கண்ணாடிக் கடையில் கேட்பதில்லையா, அப்படி. உங்கள் எண்ணிலிருந்து ஒரு கால் அடித்து, வாங்கியவரையே எடுக்கச் சொல்லிப் பாருங்கள். அவர் விரல் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும். ஞாயிறு சாயங்காலக் கூட்டத்தில் முடியாது என்றால் செவ்வாய், புதன் மதியம் வரச் சொல்லுங்கள். வருவார்கள்.

முடிக்கும்போது ஒரு அட்டையில் எழுதிக் கொடுங்கள். ஜிமெயில் முகவரி, அவரே சொன்ன பாஸ்வேர்டு, மீட்பு எண் யாருடையது, கம்பெனி கொடுத்ததில் எதை மாற்றினீர்கள், பதிலுக்கு எதைப் போட்டீர்கள், இவ்வளவுதான். போன் பெட்டிக்குள் அந்த அட்டையைப் போட்டுவிட்டால், யார் வீட்டிலும் பெட்டியைத் தூக்கிப் போடுவதில்லை, பீரோ மேல் பத்திரமாக இருக்கும்.

பொங்கல் கழித்து எதிர்வீட்டுத் தாத்தாவுக்குப் புதுப் போன் வாங்க வேண்டும். பட்ஜெட் பன்னிரண்டாயிரம். எழுத்துப் பெரிதாக, கால் எடுக்க ஒரே பொத்தான், தமிழில் பேசினால் டைப் ஆக வேண்டும், விளம்பரம் கூடாது என்கிறார். ஆன்லைனில் விலை பார்த்துவிட்டோம், முந்நூறு நானூறு கூட இருந்தாலும் பரவாயில்லை. அட்டை எழுதிக் கொடுக்கிற கடை எது என்று போர்டில் தெரிந்தால் அங்கே கூட்டிவருகிறேன்.

இப்படிக்கு,
திருமுல்லைவாயலிலிருந்து ஒரு வாடிக்கையாளர்